கம்பம்மெட்டில் படங்கள் திறக்கவில்லை

என் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் நான் வேலைக்குத் திரும்பினேன். பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் எங்கள் வீடு. கஞ்சிக்கோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி, மில், பால் சொசைட்டி என்று, தனியாகக் கம்ப்யூட்டர் ஆள் வைத்துக்கொள்ள முடியாத இடங்களுக்கெல்லாம் நாங்கள்தான் ஆள். சர்வர்களும், அவற்றின் தகவல்களைச் சேமித்துவைக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகளும் என் பொறுப்பு.

சீக்கிரம் திரும்பியதற்கு மனஉறுதி ஒன்றும் காரணமில்லை. வீட்டில் எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மாமியார் தட்டு வைக்கும்போதுகூட ஓசை வராமல் வைத்தார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால், "அவங்களுக்குத் தெரியாதா?" என்று முணுமுணுத்தார். ஆபீசில் ஏசியும் சர்வர்களும் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் எதுவும் பிடிக்கவில்லை, பிடிக்காமலும் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டேன். சொன்ன நேரத்தில் படுத்தேன். ஆஸ்பத்திரியில் ஒருநாள் அழுதேன். அதன் பிறகு அழுகை வரவில்லை. வராததைப் பற்றியும் கவலை வரவில்லை.

குழந்தையை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். நான் சரி என்றேன். என் கணவரும் அவருடைய அண்ணனும் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பெண் குழந்தை என்று மட்டும் தெரியும். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பம்மெட்டுப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரி எங்கள் வாடிக்கை. பெரியது இல்லை. ஒரு எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன் மெஷின், ஒரு பிரசவ வார்டு. அங்கே எடுக்கும் படங்கள் எல்லாம் ஸ்டோரேஜ் பெட்டியில் போய்ச் சேரும். டாக்டர் தன் அறையிலிருந்து ஒரு படத்தைக் கேட்டால், இரண்டு சர்வர்களில் எது ஓய்வாக இருக்கிறதோ அது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சில நாட்களாகப் படங்கள் சரியாகத் திறப்பதில்லை என்று சிஸ்டர் போன் செய்தார். ஒரு சமயம் தொட்டவுடன் வருகிறதாம். ஒரு சமயம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'டைம் அவுட்' என்று சிவப்பில் எழுத்து விழுகிறதாம்.

சர்வர் ஒன்றைக் கேட்கிறது, பெட்டியிலிருந்து பதில் வரவில்லை, ஓர் அளவுக்கு மேல் காத்திருக்காமல் சர்வர் கைவிட்டுவிடுகிறது. டைம் அவுட் என்றால் அவ்வளவுதான். ஏன் பதில் வரவில்லை என்பதை அது சொல்லாது. நான் ஆபீசிலிருந்தே இன்டர்நெட் வழியாக உள்ளே நுழைந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. நான் திறந்த படங்கள் உடனே திறந்தன. பெட்டி விற்ற கம்பெனிக்காரர்கள், பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் சொன்னேன். வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்றார். நான் போகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீயே போகோணுமா?"

"மத்தவங்களுக்கு அந்த இடம் பழக்கமில்லைங்க."

"அது பிரசவம் பாக்கற ஆஸ்பத்திரி இல்ல?"

"சர்வர் ரூமு தனியாத்தானுங்க இருக்குது."

அவர் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். "நானே கூட்டீட்டுப் போறேன். லீவு சொல்லிக்கறேன்," என்றார்.

விடியும் முன்பே கிளம்பினோம். மீனாட்சிபுரத்தில் பால் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவர் இறங்கி டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அதன் பிறகு பொள்ளாச்சி, உடுமலை, பழனி. எங்களுக்குள் பேச்சு, "ஏசி போடட்டுமா", "தண்ணி வேணுமா" என்ற அளவில் நின்றது. சண்டை எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வண்டியில் போகும்போது பேசிக்கொண்டே போகிறவர்கள்தான் நாங்கள். தேனி தாண்டியதும் மலை தெரிந்தது. கேரளத்தில் கிளம்பி, காலை முழுக்கத் தமிழ்நாட்டில் ஓடி, கம்பத்திலிருந்து மறுபடி கேரளத்துக்குள் ஏறினோம். வளைவுகளில் ஏலக்காய் எடுக்க ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஹாரன் அடித்தபடி முந்தின. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். வயதானவர், கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே மலையாளம் தானாக வந்து விழும்.

"வந்தாச்சா மோளே. நல்லதாப் போச்சு. டாக்டர் காலையில இருந்து பயங்கர தேஷ்யம். படம் இல்லாம நான் எப்படி நோக்கும்னு சத்தம் போடுது."

என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் போன வருஷம் வந்தபோது கர்ப்பமாக இல்லை. அதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. கணவர் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

சர்வர் ரூம் என்பது முன்பு துணிகள் அடுக்கிவைத்திருந்த ஒரு சின்ன அறை. ஏசி மட்டும் புதிது. கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதலில், பெட்டிக்குச் சின்னதாக ஒரு செய்தி அனுப்பி, இருக்கிறாயா என்று கேட்பது. ஒவ்வொரு தடவையும் உடனே பதில் வந்தது. பிறகு பழைய பதிவுகளைப் பார்த்தேன். பெட்டி பதில் சொல்லவில்லை என்று ஒரு வரி, சிறிது கழித்து பெட்டி பதில் சொல்கிறது என்று ஒரு வரி, பக்கம் பக்கமாக இதுவே. பெட்டிக்குள் இருக்கும் டிஸ்குகளைச் சோதித்தேன். ஒன்றிலும் பழுதில்லை. எலி கடித்திருக்குமோ என்று கேபிள்களைக் கையால் தடவிப் பார்த்தேன். இரண்டை மாற்றினேன். மாற்றிய பிறகும் டாக்டர் அறையிலிருந்து, வரவில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த வேலையில் பழக்கம் பாதி நடத்திக்கொண்டு போகும். இது இல்லையென்றால் அது, அது இல்லையென்றால் அடுத்தது. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்துக் கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அவசரமும் இல்லை, எரிச்சலும் இல்லை. மற்ற சமயமாக இருந்தால் இதற்குள் இரண்டு தடவை யாரையாவது கடிந்திருப்பேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அடிக்கடி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து, தேனியில் படித்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தவர் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

"யக்கா, இப்பப் பாக்கலாமா?"

"இன்னுங் கொஞ்ச நேரமுங்க."

"ஒரு பிள்ளத்தாச்சி காத்துக்கெடக்குக்கா. காய் எடுக்குற பொண்ணு. வயித்துப் புள்ள வளத்தி கம்மியா இருக்கோன்னு டாக்டருக்குச் சந்தேகம். போன மாசம் எடுத்த படத்தப் பாத்தாத்தான் சொல்ல முடியும்ங்கிறாரு. பாக்க முடியலேன்னா தேனி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவாராம்."

அந்தப் பெண் அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"எம்புட்டு நேரம்மா ஆவும்? ஜீப்பு போயிட்டா எனக்குக் கீழ எறங்க வழியில்ல," என்றாள் என்னைப் பார்த்து.

"சீக்கிரம் பாத்தர்றேன்," என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் அது நடந்தது. அந்த அறைக்கும் பிரசவ வார்டுக்கும் ஒரே சுவர் என்பது எனக்கு நினைவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. பிறந்து ஓரிரு நாளான குழந்தை, அழுகையில் இன்னும் வேகம் வரவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். நெஞ்சில் ஒரு சூடு பரவியது. குனிந்து பார்த்தால் சுடிதாரின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் வற்றுவதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வீட்டில் இறுக்கிக் கட்டியும் வைத்திருந்தார்கள். வற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்குள் ஸ்கேன் பெண் மறுபடி கதவைத் திறந்துவிட்டார். பார்த்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"யக்கா, உடுப்பெல்லாம் நனைஞ்சிருக்கு," என்றார் மெல்லிய குரலில். "பச்சப் புள்ளய விட்டுட்டா வந்திருக்கீக?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க," என்றேன்.

"எத்தன மாசம்?"

"ஒரு மாசம் ஆகப்போகுது."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

"ஆத்தாடி. யாருகிட்ட இருக்கு?"

"ஊட்டுல. என்ற மாமியாரு பாத்துக்கறாங்க."

"பால் பீச்சி வச்சிட்டு வந்தீகளா?"

"ம்."

"அம்புட்டுத் தொலவுல இருந்தா! என்ன பொழப்புக்கா இது," என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பிடிக் கட்டவிட்டீகன்னா காய்ச்சல் வந்துரும். எந்திரிங்க. ஸ்கேன் ரூமுல ஆளில்ல. ஸ்கிரீனுக்கு அங்கிட்டு உக்காந்து பீச்சி விட்டுட்டு வாங்க. நான் வாசல்ல நிக்கேன்."

நான் எழுந்து அவர் பின்னால் போனேன். மறுத்துச் சொல்வதற்கு இன்னும் இடம் இருந்தது. சொல்லவில்லை. யோசித்துப் பொய் சொன்னேன் என்றும் இல்லை. அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது, அவ்வளவுதான். கடந்த சில வாரங்களில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. ஆணா பெண்ணா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

ஸ்கேன் அறை எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மங்கலான வெளிச்சம், ரப்பர் விரித்த கட்டில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று எழுதிய பலகை. இங்கே அது மலையாளத்திலும் தமிழிலும் இருந்தது. திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீச்சினேன். பாலக்காட்டில் எனக்குக் கடைசியாக ஸ்கேன் எடுத்த பெண் முதலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வெயிலைப் பற்றி என்று நினைக்கிறேன். திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கருவியை இங்கும் அங்கும் நகர்த்தி அழுத்தினாள். திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். வயிற்றில் பூசிய ஜெல்லைத் துடைக்காமலே போய்விட்டாள். அது காய்ந்து இழுத்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது வரிசையாக நினைவுக்கு வந்தது. வேறு யாருக்கோ நடந்தது போல வந்துவிட்டுப் போனது. கிண்ணத்தில் இருந்ததைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது ஸ்கேன் பெண் பஞ்சும், தன்னுடைய சால்வை ஒன்றும் கொடுத்தார். போர்த்திக்கொண்டு சர்வர் ரூமுக்குத் திரும்பினேன். விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன்.

பெட்டிக்குள் இருந்த சின்னச் சின்ன ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். திறந்தன. ஓர் எக்ஸ்ரேயைத் திறந்தேன். திறந்தது. அதையே இரண்டாவது சர்வரில் உட்கார்ந்து திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சர்வரில் சின்ன ஃபைல்கள் திறந்தன, படங்கள் திறக்கவில்லை. முதல் சர்வரில் எல்லாம் திறந்தன. ஆபீசிலிருந்து இன்டர்நெட் வழியாக நுழைந்தால் முதல் சர்வரில்தான் போய் நிற்போம். அங்கிருந்து பார்த்தவரையில் குறையொன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது சர்வரிலிருந்து பெட்டிக்கு மறுபடி, இருக்கிறாயா என்று கேட்டேன். இருக்கிறேன் என்றது. அதே கேள்வியை, உடைக்காமல் ஒரே மூட்டையாகப் போக வேண்டும் என்று சொல்லி, பெரிதாக்கி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை.

இரண்டாவது சர்வரின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சுவரேறி, ஜன்னல் மேலாகச் சென்று, வெளியே வராந்தாவில் இருந்த ஓர் அலமாரியின் மேல் போய் முடிந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் புத்தம்புது சுவிட்ச். பல கேபிள்களை ஒன்றாக இணைத்துத் தகவலை அங்குமிங்கும் மாற்றிவிடும் சின்னக் கருவி. சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதோ? கோடை மழைக்கு இடி விழுந்து பழையது போச்சு மோளே. கேபிள் டிவி பையன்தான் இது கொண்டு வச்சுத் தந்தான். லைட்டெல்லாம் நல்லாக் கத்துதே?"

'கத்துது' என்றால் எரிகிறது என்று அர்த்தம். லைட்டெல்லாம் நன்றாகத்தான் எரிந்தது.

விஷயம் இதுதான். படங்கள் வேகமாகப் போய்வர வேண்டும் என்று, சர்வர்களும் பெட்டியும் தகவலைப் பெரிய பெரிய மூட்டைகளாக அனுப்பும்படி நாங்கள் முன்பே அமைத்துவைத்திருந்தோம். பழைய சுவிட்ச் அந்த மூட்டைகளுக்கு வழிவிட்டது. புதியது விலை குறைந்த ரகம். சாதாரண அளவு மூட்டைகளைத்தான் வாங்கும். அதைவிடப் பெரிதாக வந்தால் கீழே போட்டுவிடும். போட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாது. பெட்டி அனுப்பியாகிவிட்டது என்று இருக்கும். சர்வர் வரும் என்று காத்திருக்கும். கேபிள் டிவிக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த விவரம் அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

நல்ல சுவிட்ச் வாங்கி வரும்வரை, சர்வர்கள் இரண்டையும் பெட்டியையும் சாதாரண அளவிலேயே அனுப்பும்படி மாற்றிவிடலாம். படம் வரக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வரும். மாற்றும்போது எல்லாவற்றையும் சில நிமிஷம் நிறுத்த வேண்டும். சிஸ்டர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். "சீக்கிரம் செய்யச் சொல்லு," என்றாராம். நிறுத்தினேன். பெட்டியில் ஓர் எண்ணை மாற்றினேன், முதல் சர்வரில், பிறகு இரண்டாவதில். மறுபடி ஓடவிட்டேன்.

"நீங்களே ஒரு பெரிய படமாப் பாத்துச் சொல்லுங்க," என்றேன் ஸ்கேன் பெண்ணிடம். அவர் இரண்டாவது சர்வரின் முன்னால் என் தோளருகே குனிந்து, காத்திருந்தவளுடைய பெயரைத் தட்டினார். போன மாதம் எடுத்தது. படம் மட்டும் இல்லை, சில நொடிகள் ஓடும் காட்சி. வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. திறந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள், அவற்றுக்கு நடுவே துடித்துக்கொண்டிருக்கும் ஒரு புள்ளி. முடிந்ததும் முதலிலிருந்து ஓடியது. மறுபடி முடிந்து மறுபடி ஓடியது.

"வந்துருச்சு, வந்துருச்சு," என்று அவர் டாக்டர் அறைக்கு ஓடினார். நான் அதை நிறுத்தவில்லை. சரியாகத் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். தடங்கலில்லாமல்தான் ஓடியது.

டாக்டர் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வளர்ச்சி கொஞ்சம் குறைவுதான், ஆனால் பயப்படும்படி இல்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு வாரத்தில் வரட்டும் என்று சொன்னாராம். அந்தப் பெண் போகும்போது கதவருகே நின்று, "வாரேம்மா," என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தாள். ஓடாதே என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

நான் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது கணவர் உள்ளே வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்க வந்திருக்கிறார். என் மேல் புதிதாக ஒரு சால்வை இருப்பதைப் பார்த்து நின்றார். ஸ்கேன் பெண் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல ஆளு சார் நீங்க! பச்ச ஒடம்புக்காரிய இம்புட்டுத் தூரம் கூட்டியாந்திருக்கீக. அங்க பாப்பா பாலுக்கு அழுதுக்கிட்டுக் கெடக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிய கேபிளை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். இப்போது அவர் சொல்லிவிடுவார், இந்தப் பெண்ணின் முகம் மாறும், பிறகு எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பயமோ வெட்கமோ வரவில்லை. நடக்கும்வரை காத்திருந்தேன்.

"ஆமாங்க. கெளம்போணும்," என்றார் அவர்.

"பாப்பா யாரு மாதிரி சார்? உங்க ஜாடையா, அக்கா ஜாடையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவங்கம்மா ஜாடைங்க," என்றார். "நெத்தி, மூக்கு எல்லாம் அவங்கம்மாதான். காது மட்டும் என்ற காது."

"முடி இருக்கா?"

"நெறைய இருக்குதுங்க. கருகருன்னு."

"அப்ப அழகாத்தான் இருக்கும்," என்று ஸ்கேன் பெண் சிரித்தார். சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கங்கக்கா. வழியில குளிரும். அடுத்த தடவ வாரப்பக் குடுங்க," என்றார்.

வண்டியில் ஏறி, செக்போஸ்ட் தாண்டி, இறக்கத்தில் பாதி வந்துவிட்டோம். ஓரிடத்தில் எதிரே லாரி ஏறி வந்ததால் ஓரம் கட்டி நிறுத்தினார். லாரி போன பிறகும் எடுக்கவில்லை.

"என்னத்துக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"தெரியலீங்க. அந்தம்மா கேட்டாங்க. வந்துருச்சு."

அவர் ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி கீழே தெரிந்த கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க சொன்னது நெசமா?" என்றேன்.

"எது?"

"காது."

"ம்ம். மடல் ஒட்டீட்டு இருந்துச்சு. என்றதாட்டவே. அண்ணனும் பாத்துட்டுச் சொன்னாரு." தன் விரல்களைப் பார்த்தார். "விரல்ல நகமெல்லாம் இருந்துச்சு புள்ள. நீ கேப்பீன்னு பாத்தேன். நீ கேக்கல."

"நீங்க சொல்லலீங்களே."

"எப்படிச் சொல்றது, நீ கேக்காம?"

பிறகு அவரே சொன்னார். எந்தத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், யார் கையில் வைத்திருந்தது, எவ்வளவு கனம் இருந்தது, குழியில் வைக்கும் முன் அவர் துணியை விலக்கி இன்னொரு தரம் பார்த்தது, அண்ணன் போதும் என்று கையைப் பிடித்தது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். நடுவில் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். அப்போது நான் அழுதேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். அழவில்லை. வத்தலகுண்டுக்குப் பக்கத்தில் பசித்தது. பசிக்கிறது என்று சொன்னேன். வாரக்கணக்கில் நானாக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இறங்கிப் பரோட்டா சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் எங்கள் ஆபீசிலிருந்து வேறொருவர் போய் நல்ல சுவிட்சாக மாற்றிவிட்டு வந்தார். சால்வையைத் துவைத்து அவரிடமே கொடுத்தனுப்பினேன். திரும்பி வரும்போது அவர் கையில் எனக்கு ஒரு பொட்டலம் இருந்தது. ஸ்கேன் பெண் கொடுத்தது. கொஞ்சம் ஏலக்காய், அதோடு மஞ்சள் நூலில் பின்னிய சின்னஞ்சிறு ஸ்வெட்டர், அதே நிறத்தில் ஒரு குல்லா. அவரே பின்னியிருந்தார் போல. ஒரு கையைவிட இன்னொரு கை துளி நீளமாக இருந்தது. எலப்புள்ளி வெயிலுக்கு யாரும் குழந்தைக்கு ஸ்வெட்டர் போடமாட்டார்கள். அது அவருக்குத் தோன்றியிருக்காது.

மாமியார் பார்க்கும் முன் அதை எடுத்து உள்ளே வைத்தேன். இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போய் ஸ்கேன் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"யக்கா! பாப்பா எப்பிடி இருக்கா? குல்லா பத்துச்சா?"

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க," என்று தொடங்கிச் சொல்லிவிட்டேன். எட்டாம் மாதம், வயிற்றிலேயே, நீங்கள் அன்று கேட்டபோது உயிரோடு இருப்பது போலச் சொல்லிவிட்டேன் என்று. நான்கைந்து வாக்கியங்களில் முடிந்துவிட்டது. பழுதுக்குக் காரணம் சொல்வது போலத்தான் சொன்னேன்.

ஸ்கேன் மெஷினின் மின்விசிறி ஓசை மட்டும் கேட்டது.

"அய்யோ, யக்கா," என்றார் பிறகு. "அப்ப அன்னைக்கு சார் சொன்னாரே?"

"அது நெசந்தானுங்க. அவரு பாத்தாரு. நான்தான் பாக்கல."

"நான் வேற என்னென்னமோ கேட்டுட்டேனேக்கா."

"நீங்க கேட்டது எனக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அறைக்குள் ஆள் வந்துவிட்டது போல. "வச்சிராதீக யக்கா. ஒரு ஆளு வந்திருக்கு. முடிச்சிட்டு வாரேன், லைன்லயே இருங்க," என்றார்.

போனை எங்கோ மேஜை மேல் வைத்திருக்க வேண்டும். எல்லாம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுங்க என்றார். எத்தனையாவது மாதம் என்று கேட்டார். ஒரு பெண் குரல் ஏதோ பதில் சொன்னது. "சில்லுன்னு இருக்கும், பயப்படாதீக," என்றார். பிறகு வெகுநேரம் மெஷின் ஓசைதான். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். வெட்ட வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "நல்லாத் துடிக்கு. இங்க பாருங்க," என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. அந்தப் பெண் சிரித்தாள். ஜெல்லைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்து, மெல்ல இறங்குங்க என்றார். கதவு திறந்து மூடியது.

"இருக்கீகளாக்கா?"

"இருக்கேனுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க," என்றார். அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் நடந்தது, பிறகு வீட்டில் நடந்தது, மாமியார் தட்டை ஓசைப்படாமல் வைப்பது எல்லாம். கீழே ஆபீசில் யாரோ என்னைத் தேடிக் கூப்பிட்டார்கள். சிறிது நேரம் கழித்து வருகிறேன் என்று மேலிருந்தே குரல் கொடுத்தேன்.